நாங்கள் எழுதாமல் விடும் வரி

விளம்பர நிறுவனத்தில் காப்பி, அதாவது விளம்பர வாசகம், எழுதுகிறேன் என்றால், பலரும் சிரித்துக்கொண்டே கேட்பது ஒன்றுதான்: "அப்போ பொய் எழுதுறதுதான் வேலையா?" பொய் எழுதுவது இந்தத் தொழிலில் அவ்வளவு சுலபமில்லை. கிளையன்ட்டின் சட்டப் பிரிவு விடாது. அவர்கள் விட்டாலும் போட்டி நிறுவனம் புகார் கொடுத்துவிடும். நாங்கள் செய்வது, உண்மையான இரண்டு விஷயங்களை அருகருகே வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. இரண்டையும் இணைக்கும் மூன்றாவது வரியைப் பார்ப்பவரே மனதுக்குள் எழுதிக்கொள்வார். அந்த வரிக்கு யாரும் எங்களிடம் ஆதாரம் கேட்க முடியாது.

பற்பசை விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்டவர் வருகிறார். அவர் பல் மருத்துவர் என்று எந்த இடத்திலும் சொல்லியிருக்க மாட்டோம். கோட்டு இருக்கிறது, பற்பசை இருக்கிறது. மற்றதைப் பார்வையாளர் பார்த்துக்கொள்வார்.

சட்டப் பிரிவிலிருந்து சிவப்புக் கோடுகளோடு காப்பி திரும்பி வரும் நாட்களில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். "முடி உதிர்வைத் தடுக்கும்" என்று எழுதினால் அடித்துவிடுவார்கள். "முடி உதிர்வைக் குறைக்க உதவும்" என்றால் போகலாம். சட்டப்படி இரண்டுக்கும் பெரிய தூரம். ஆனால் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டுபவர் இரண்டையும் ஒரே மாதிரிதான் வாசிக்கிறார். இன்னொரு வேடிக்கை: "24 மணி நேரப் பாதுகாப்பு" என்றால் சோதனை அறிக்கையைக் கொண்டு வா என்பார்கள். "இதைவிடச் சிறந்தது வேறில்லை" என்றால் பெரும்பாலும் கேள்வியே வராது. அளக்க முடிந்ததற்குத்தான் ஆதாரம் வேண்டும். பெருமையடிப்பதைப் பல நாட்டுச் சட்டங்களும் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றன.

உண்மையைச் சொல்லியே திசைதிருப்பும் வித்தைக்கு எங்கள் தொழிலில் ஒரு பழைய கதை உண்டு. க்ளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கக் காப்பிரைட்டர், ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்கு எழுதப் போனபோது ஆலையைச் சுற்றிப் பார்த்தார். பாட்டில்களைச் சுத்தம் செய்யும் முறையும் காற்றை வடிகட்டும் அறைகளும் அவரை அசத்திவிட்டன. இதையெல்லாம் ஏன் வெளியே சொல்வதில்லை என்று கேட்டார். எல்லா ஆலைகளும் இப்படித்தானே செய்கின்றன என்றார்கள். ஹாப்கின்ஸ் அதையே எழுதினார். ஒரு வரிகூடப் பொய்யில்லை. மற்ற நிறுவனங்கள் இப்படிச் செய்வதில்லை என்ற பொய்யை வாசகரே சேர்த்துக்கொண்டார். ஐந்தாம் இடத்திலிருந்த நிறுவனம் சில மாதங்களில் முதலிடத்துக்குச் சமமாக வந்துவிட்டது என்று ஹாப்கின்ஸ் சொல்லியிருக்கிறார். விளம்பரக்காரர் தன்னைப் பற்றியே சொல்வது. கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

என்னைக் கொஞ்சம் அசௌகரியப்படுத்துவது பயத்தை வைத்துச் செய்வது. 1879-இல் கிருமிநாசினியாகப் பிறந்த லிஸ்டரின், 1920-களில் வாய்நாற்றத்துக்கு மருத்துவப் பெயர் ஒன்றைப் பிரபலமாக்கி, அதற்குத் தீர்வாகத் தன்னை விற்றது. அந்த விளம்பரங்களின் அடிநாதம், உங்கள் நெருங்கிய நண்பர்கள்கூட இதை உங்களிடம் சொல்லமாட்டார்கள் என்பது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். யாராவது சொன்னால் நாற்றம் உறுதி. யாரும் சொல்லாவிட்டால் அதுவும் அறிகுறிதான். தப்பிக்க ஒரே வழி பாட்டில். இன்றைய பிரீஃப்களில், அதாவது கிளையன்ட் தரும் வேலைக்குறிப்புகளில், 'பெயின் பாயின்ட்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சில சமயம் வாடிக்கையாளருக்கு இருக்கும் வலி எழுதப்பட்டிருக்கும். சில சமயம் நாங்கள் உண்டாக்கித் தரவேண்டிய வலி. குழந்தையின் வளர்ச்சியைக் காட்டிப் பெற்றோரைக் கலங்கடிக்கும் பிரீஃப்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. அவற்றை வேறொருவருக்குத் தள்ளிவிட நான் காரணம் தேடுவேன். வேறொருவர் எழுதத்தான் செய்கிறார்.

அதே லிஸ்டரின் சளியையும் தொண்டை வலியையும் தடுக்கும் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தது. அது உண்மையில்லை என்று 1975-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் முடிவு செய்தது. அடுத்து ஏறக்குறைய 1 கோடி டாலருக்குச் செய்யும் விளம்பரங்களில் அந்தத் திருத்தத்தைச் சொல்லியாக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 1977-இல் நீதிமன்றம் உத்தரவை உறுதிசெய்தது, ஆனால் 'முந்தைய விளம்பரங்களுக்கு மாறாக' என்று தொடங்கும் பகுதியை மட்டும் நீக்கிவிட்டது. ஒரு காப்பிரைட்டராக எனக்கு அந்த நீக்கம்தான் கண்ணில் படுகிறது. அந்தப் பகுதி இருந்திருந்தால் அது ஒப்புதல். நீக்கியபின் அது இன்னொரு தகவல், அவ்வளவே.

விளம்பரம் வெளியாகும் முன் சிலரை அறையில் உட்காரவைத்துக் கருத்துக் கேட்பது உண்டு. அங்கே "எனக்கு விளம்பரமெல்லாம் ஏறாதுங்க, மத்தவங்கதான் ஏமாறுவாங்க" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். பிறரைவிடத் தன்னை ஊடகம் குறைவாகவே பாதிக்கிறது என்று நம்பும் இந்தப் போக்கை டேவிசன் என்ற சமூகவியலாளர் 1983-இல் எழுதி, அதற்குப் பெயரும் வைத்தார். கிளையன்ட்டுகளுக்கு இந்த ஆட்களைப் பிடிப்பதில்லை, எனக்குப் பிடிக்கும். "விவரம் தெரிந்தவர்கள் தேர்ந்தெடுப்பது", "விளம்பரங்களுக்கு மயங்காதவர்களுக்கு" என்றெல்லாம் எழுதுவது இவர்களுக்காகத்தான்.

மறைமுகமாக மூளைக்குள் ஏதோ செலுத்துகிறோம் என்ற சந்தேகமும் பலருக்கு இருக்கிறது. 1957-இல் ஜேம்ஸ் விக்கரி என்பவர் திரையரங்கில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வாசகங்களைக் காட்டி விற்பனையைக் கூட்டியதாகச் சொன்னார். பிறகு அவரே அதிலிருந்து பின்வாங்கினார். அவ்வளவு சிரமம் தேவையே இல்லை. அடிக்கடி கண்ணில் படுவதே போதும், பிடித்துப்போகும். அர்த்தம் தெரியாத சொற்களையும் எழுத்துகளையும் வைத்து ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் இதைக் காட்டினார்.

இப்போது என் வேலையில் பாதியை எண்கள் பார்க்கின்றன. ஒரே பொருளுக்கு இரண்டு ஹெட்லைன் கொடுக்கிறேன். ஒன்று ஒரு பாதி ஆட்களுக்குப் போகிறது, மற்றது இன்னொரு பாதிக்கு. அதிகம் கிளிக் வாங்கியது நிற்கிறது. முன்பு ஒரு வரி ஏன் வேலை செய்யும் என்று கிளையன்ட்டிடம் மேசையைத் தட்டி வாதாடுவேன். இன்று ஜெயித்த வரியைக் காட்டி அது ஏன் ஜெயித்தது என்று கேட்டால், அறையில் யாரும் பதில் சொல்வதில்லை. அடுத்த இரண்டு ஹெட்லைன் எப்போது வரும் என்றுதான் கேட்கிறார்கள்.