ஜே-1 விசா, கல்யாணமானவர்கள், வரி தாக்கல்: நாங்கள் திருத்தி எழுதிய கதை

2022 டிசம்பர் நடுவில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போஸ்ட்டாக் (பிஎச்.டி-க்குப் பிந்தைய ஆராய்ச்சி) வேலைக்கு அமெரிக்கா வந்தேன், கணவர் துணைக்கான ஜே-2 விசாவில். முதல் சம்பளமே 2023 ஜனவரியில்தான். இந்தியாவில் புருஷன் பெண்டாட்டி தனித்தனியாகத்தான் வரி தாக்கல் செய்வோம், இங்கே சேர்ந்தே செய்யலாம், 2023-க்கு 27,700 டாலர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வருமானத்தில் வரி போடாமல் கழிக்கும் நிலையான தொகை) கிடைக்கும் என்று எச்1பி வேலை விசாவில் இருந்த நண்பர் சொன்னதும் யோசிக்காமல் ஒரு மென்பொருளில் 1040 என்ற வருமான வரிப் படிவத்தைக் கூட்டாகத் தாக்கல் செய்துவிட்டேன். விசா என்ன என்று அது கேட்கவே இல்லை. ரீஃபண்டும் வந்துவிட்டது.

2024 மார்ச்சில் நண்பருடைய டபிள்யூ-2 படிவத்தை (வருடச் சம்பளமும் பிடித்தமும் காட்டுவது) என்னுடையதோடு வைத்துப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் வரும் 4, 6-ம் பெட்டிகள் அவருக்கு நிரம்பியிருந்தன, எனக்குக் காலி. ஏன் என்று தேடப்போய்த்தான், வரிக் கணக்கில் நான் "நான்ரெசிடென்ட்" (வரிக்கு அமெரிக்காவில் வசிக்காதவராகக் கருதப்படுபவர்) என்பதே தெரிந்தது. ஜே-1 ஆராய்ச்சியாளர்களுக்கு முதல் இரண்டு காலண்டர் வருடங்கள் ரெசிடென்ட் ஆவதற்கான நாள் கணக்கில் சேராது, ஜே-2 துணைக்கும் அப்படியே. காலண்டர் வருடம் என்பதைக் கவனியுங்கள்: டிசம்பரில் இருந்த அந்த இரண்டு வாரமே எனக்கு 2022 என்ற முழு வருடத்தைத் தின்றுவிட்டது.

கணவன் மனைவி இரண்டு பேருமே நான்ரெசிடென்ட் என்றால் கூட்டுத் தாக்கல் கிடையாது. நான்ரெசிடென்ட்களுக்கான 1040-என்ஆர் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. கல்யாணமாகிவிட்டதால் "சிங்கிள்" போடவும் முடியாது, "மேரீட் ஃபைலிங் செபரேட்லி" (மணமானவர், தனித்தனித் தாக்கல்) மட்டும்தான். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனும் போச்சு. இந்தியாவோடு உள்ள வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவில் அது மாணவர்களுக்குக் கிடைக்கும், என்னைப் போன்ற ஆராய்ச்சியாளர்களுக்கு இல்லை. நமக்கு இருப்பது 22-வது பிரிவு, சம்பளத்துக்கே விலக்கு தரும், ஆனால் தங்குவது 2 வருடத்தைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே அந்த விலக்கு போய்விடும். எனக்கு நியமனமே 3 வருடம் என்பதால் அதைத் தொடவில்லை. 2023-க்கு எனக்குக் கழிக்க முடிந்தது மாநில வருமான வரிக்காக 5,000 டாலர் வரைக்கும், அவ்வளவுதான்.

சரி என்று 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் எழுதி, பின்னால் 1040-என்ஆரை இணைத்து, வாங்கிய ரீஃபண்டோடு கூடுதலாக வந்த வரியையும் ஏப்ரல் 15-க்குள் கட்டினேன். அந்த மாதம் வாடகைக்கே கை கடித்தது, ஆனாலும் நோட்டீஸ் வருவதற்குள் நாமே போய்ச் சரிசெய்ததில் ஒரு நிம்மதி. அப்புறம் 8843, அந்த நாள் கணக்கில் நாம் சேரவில்லை என்று சொல்லும் படிவம். வருமானமே இல்லாத கணவரும் தன் பெயரில் இதைத் தனியாக அனுப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2022-க்கு இருவருமே அனுப்பாமல் விட்டிருந்தோம். அவற்றை ஆளுக்கொரு உறையில் போட்டு ஆஸ்டினில் உள்ள வரித்துறை அலுவலகத்துக்கு சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பினோம், ரசீதுகளை ஃபைலில் வைத்திருக்கிறேன்.

2024 வருடத்து வரிக்குக் கதை மாறியது. ஜனவரி 1 முதல் நாட்கள் எண்ணப்பட்டு, 183 ஆனதும் இரண்டு பேரும் ரெசிடென்ட். ஜனவரி சம்பளத்திலேயே சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்காக 7.65 சதவீதம் பிடிக்க ஆரம்பித்தார்கள். அந்த வருடத்துக்குத்தான் முறைப்படி கூட்டாகத் தாக்கல் செய்தோம், கழிவு 29,200 டாலர். ரெசிடென்ட் ஆனதும் இந்தியாவில் இருக்கும் பணத்துக்கு வரும் வட்டியையும் காட்ட வேண்டும், அதனால் அப்பா என் பெயரில் போட்டிருந்த ஃபிக்ஸட் டெபாசிட்டின் வட்டிச் சான்றிதழை ஜனவரியிலேயே ஊரிலிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.