பாஷாணம்தான் பெரியவரே

1994 அக்டோபர். சூரத்தில் பிளேக் என்று லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடியிருந்த சமயம். கடலூர் முதுநகரில் ஒரு மல்லாட்டைக் கிட்டங்கியில், அதாவது நிலக்கடலைக் கிடங்கில், 11 எலிகள் செத்துக் கிடந்தன.

“பாஷாணம் வைத்தீர்களா சார், இல்லை அந்த நோயா?” என்று கேட்டார் மூட்டை தூக்கும் பெரியவர்.

“பாஷாணம்தான் பெரியவரே” என்றேன்.

நான் வைக்கவில்லை. மண்டிக்காரர் வைத்தாரா என்று கேட்கவும் இல்லை.

வேலையில் குறை வைக்கவில்லை. எலிக்கு முன் தெள்ளுப்பூச்சியைக் கொல்ல வேண்டும். செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் தெள்ளு நோயோடு வேறு சூடான உடம்பைத் தேடிக் கிளம்பும். வளைகளின் வாயில் பூச்சிமருந்துத் தூள் தூவி, எலிகளை இடுக்கியால் எடுத்தேன். ஒன்றின் மீசையில் மல்லாட்டையின் சிவப்புத் தோல் ஒட்டியிருந்தது. இரண்டை ஆய்வுக்கு அனுப்பினோம். பிளேக் இல்லை என்று பிறகு பதில் வந்தது.

‘தெரியாது’ என்பதுதான் அன்றைய உண்மை. அதைச் சொல்லியிருந்தால் மாலைக்குள் துறைமுகப் பக்கம் காலியாகியிருக்கும். ஓடுகிறவர்களோடு நோயும் பஸ் ஏறியிருக்கும். இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பெரியவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால்? தெள்ளு கடித்து 7 நாளுக்குள் காய்ச்சல் வரும், தொடை இடுக்கில் நெறி கட்டும். உடனே ஸ்ட்ரெப்டோமைசினோ டெட்ராசைக்ளினோ கொடுத்தால் பிழைக்கலாம். நுரையீரலைப் பிடித்துவிட்டால் ஒரு நாள் தாமதமே ஆளை முடித்துவிடும். காலில் புண் இருந்தாலும்தான் நெறி கட்டுகிறது. மூட்டை தூக்குகிறவர் காலில் புண்ணுக்கா பஞ்சம்? கிட்டங்கியில் எலி செத்தது என்று அவர் சொன்னால்தான் டாக்டருக்குச் சந்தேகம் வரும். பாஷாணத்தில் செத்த எலியைப் பற்றி டாக்டரிடம் யார் பேசுவார்கள்?

பதில் வரும்வரை தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி அங்கே போனேன். கண்காணிப்பு என்று வேண்டுமானால் பெயர் வைக்கலாம். ஒருநாள் அவர் வரவில்லை. பேத்திக்குக் காதுகுத்தாம். அது தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. என் பதிலைக் கேட்டதும் அவர் கிட்டங்கிப் பூனையைப் பிடித்து, சணல் கயிற்றால் தூணில் கட்டினார். “விஷ எலியைத் தின்று தொலைத்துவிடும்.” பிளேக் எலியைத் தின்றாலும் பூனைக்கு நோய் வரும், ஆகவே கட்டியது சரிதான், என் பொய்யிலும் ஒரு நன்மை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கட்டும்போது பூனை அவர் மணிக்கட்டைப் பிறாண்டியது. நோய்ப்பட்ட பூனையின் கீறலிலும் பிளேக் தொற்றும். அவர் வேட்டி நுனியால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.