கிணற்றடி ராஸ்பெரி பையும் லொக் சேர்வரும்

கல்லடியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினி ஒன்றை வைத்திருக்கிறேன். மேல் தாங்கியில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று ஒரு சென்சர் பார்க்கும். குறைந்தால் ரிலே என்ற மின்சுவிட்ச் மோட்டாரைப் போடும். கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து சில இரவுகளில் பை நின்றுவிடத் தொடங்கியது. விடிய அம்மா குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "மனே, இண்டைக்கும் தண்ணி வரல்ல" என்பார். பிளக்கைக் கழற்றிப் போட்டால் மறுபடி ஓடும்.

ஏன் நின்றது என்று பார்க்க லொக் (கணினியில் நடப்பதை எழுதிவைக்கும் பதிவு) இல்லை. அந்தப் பையில் ஜேர்னல் என்ற சிஸ்டத்தின் பதிவு ரேமில்தான் இருந்தது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். மெமரி கார்ட்டில் எழுதவிட மனம் வரவில்லை; ஏற்கனவே ஒரு கார்ட் பழுதாகிவிட்டது. ஆகவே சும்மா கிடந்த பழைய டெஸ்க்டொப்பில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் போட்டு, அதைச் சேர்வராக்கி, லொக்கை அனுப்பவும் வாங்கவும் உதவும் ஆர்சிஸ்லொக் என்ற மென்பொருள் மூலம் எல்லா லொக்கையும் அங்கே சேர்க்க முடிவெடுத்தேன். உபுண்டுவில் ஆர்சிஸ்லொக் முன்பே இருக்கும். பையில் இருப்பது புக்வேர்ம் என்ற லினக்ஸ் பதிப்பு. அதில் நாமாகத்தான் நிறுவ வேண்டும்.

சேர்வரின் கொன்பிக்கில் (அமைப்புக் கோப்பில்) லொக் வந்து சேரும் வாசலான 514ஆம் போர்ட்டைத் திறந்தேன். எல்லா லொக்கையும் சேர்வரின் முகவரிக்கு அனுப்பச் சொல்லி, பையில் ஒரே ஒரு வரி:

*.* @192.168.1.10:514

பையில் லொகர் கட்டளையால் "சோதனை" என்று அனுப்பினேன். சேர்வரில் ஒன்றும் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. இரண்டு பின்னேரம் சேர்வரின் கொன்பிக்கையே திருப்பித் திருப்பி எழுதினேன். கொழும்பில் நெட்வேர்க் வேலை செய்யும் மச்சானிடம் போனில் சொன்னபோது, "நீ சேர்வரையே பாத்துக்கொண்டு இருக்கிறாய். பையில இருந்து வெளிக்கிடுதா எண்டு பாத்தியா?" என்று கேட்டான்.

வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பைச் சேர்வரில் ஓடவிட்டேன். பையிலிருந்து பாக்கெட் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வரியில் யூடிபி என்று இருந்தது. எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால் சேர்வர் 514இல் டிசிபிக்கு மட்டும் காத்திருக்கிறது. இரண்டும் பாக்கெட் அனுப்பும் வெவ்வேறு முறைகள்: பையில் எழுதிய அந்த வரியில் ஒரு @ போட்டால் யூடிபி, இரண்டு @@ போட்டால் டிசிபி. யூடிபியில் அனுப்பியவருக்கு மறுமொழி எதுவும் வராது; வாங்க ஆள் இல்லாவிட்டாலும் பை தன் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எனக்கு இதில் பிடிக்காதது அந்த மௌனம்தான். லொக் தொலைகிறது என்பதைச் சொல்லும் லொக்கும் இல்லை.

சரி, @@ ஆக்கினேன். இப்போது டிசிபிடம்ப்பில் இணைப்புக் கேட்கும் பாக்கெட் திரும்பத் திரும்ப வருகிறது, சேர்வர் பதில் சொல்லவில்லை. இங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டேன்: டிசிபிடம்ப் பாக்கெட்டைப் பார்ப்பது, அனுமதி இல்லாததை மறிக்கும் பயர்வோலுக்கு முன்னால். ஆகவே அதில் தெரிகிறது என்பதற்காக ஆர்சிஸ்லொக்கின் கைக்குப் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. சேர்வரின் பயர்வோலான யூஎஃப்டபிள்யூவில் எங்கள் வீட்டு நெட்வேர்க்குக்கு மட்டும் டிசிபி 514ஐத் திறந்ததும் இணைப்பு வந்தது.

அப்புறமும் கோப்பு உருவாகவில்லை. சேர்வரின் சொந்த சிஸ்லொக்கிலேயே காரணம் இருந்தது: பெர்மிஷன் டினைட் (அனுமதி இல்லை). ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கோப்பு வருவதற்கென்று நான் சூடோ கட்டளையில் உருவாக்கிய ஃபோல்டர், ரூட் என்ற நிர்வாகிக்குச் சொந்தமாக இருந்தது. உபுண்டுவில் ஆர்சிஸ்லொக் எழுதுவது சிஸ்லொக் என்ற பயனராக. உரிமையை மாற்றியதும் முதல் வரி விழுந்தது. "சோதனை". அந்த ஒரு சொல்லைக் கண்டபோது இருந்த சந்தோஷத்தை அம்மாவுக்கு விளங்கவைக்க முடியவில்லை.

மறுநாள் முன் அறையில் விளம்பரம் தடுக்கும் பை-ஹோல் ஓடுகிற மற்றப் பையையும் சேர்த்தேன். இரண்டின் வரிகளும் ஒரே கோப்பில் கலந்து விழுந்தன. இரண்டுக்குமே ராஸ்பெரிபை என்ற பெயர்தான், வந்தபடியே விட்டிருந்தேன். கிணற்றடி, முன்னறை என்ற கருத்தில் பெயர் மாற்றி, இரண்டிலும் ஆர்சிஸ்லொக்கை மறுபடி தொடக்கினேன். தொடக்காவிட்டால் பழைய பெயரிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும்.

கரண்ட் போய் வந்த ஓர் இரவில் நேரமும் குழம்பியது. பை 3க்கு உள்ளே மின்கலத்தில் ஓடும் கடிகாரம் கிடையாது. ரவுட்டர் எழும்பி இணையம் வரும்வரை, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணிக்கொண்டு போகும். அதனால் அன்றைய கோப்பில் பழைய மணிக்கணக்கு இருந்தது. சேர்வரில் வரிகளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் டெம்ப்ளேட்டில் பை சொன்ன நேரத்தோடு, சேர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தையும் பக்கத்தில் எழுதவைத்தேன். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் இந்த இரண்டாவது நேரம் மிகவும் உதவும். சேர்வர் நின்றிருக்கும்போது வரும் வரிகள் தொலையாமல் இருக்க, அப்போது மட்டும் பையின் கார்ட்டில் சேரும் கியூ (காத்திருக்கும் வரிசை) ஒன்றையும் போட்டு, மறுமுயற்சி எண்ணிக்கையை -1 ஆக்கினேன். அதாவது நிறுத்தாமல் முயற்சி செய்யும்.

நான்காம் நாள் இரவு பை மறுபடி நின்றது. விடிய எழும்பி முதல் வேலையாகக் கோப்பைத் திறந்தேன். கடைசி மூன்று வரிகள்: தாங்கியில் நீர் குறைவு, ரிலே போட்டாயிற்று, கேர்னலிலிருந்து (லினக்ஸின் மையப் பகுதியிலிருந்து) அண்டர்வோல்டேஜ் (மின்னழுத்தக் குறைவு). நேரம் 2:40. அதன் பிறகு வெறுமை.

பைக்கு வரும் மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த வரி வரும். கிணற்றடிக்கு எட்ட வேண்டும் என்பதற்காக மூன்று மீட்டர் மெல்லிய யூஎஸ்பி கேபிள் போட்டிருந்தேன். பையின் 5 வோல்ட் பின்னில் மல்டிமீட்டரை வைத்து ரிலேயைப் போட்டுப் பார்த்தேன்: 4.5. இந்தக் கேபிள் தாங்காது என்பது தெளிவாகத் தெரிந்தது. பிளக் பொயின்ட்டைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், மழை படாத பெட்டிக்குள் வைத்து, தடித்த குட்டைக் கேபிளும் 5.1 வோல்ட், 2.5 அம்பியர் சார்ஜரும் போட்டேன். அதே பின்னில் இப்போது 5.0.

மூன்று வாரம் ஆகிறது. விடிய முதலில் அந்தக் கோப்பைத்தான் பார்க்கிறேன். நேற்றிரவு 3:12க்கு ரிலே போட்டிருக்கிறது. 3:31க்கு, தாங்கி நிறைந்தது, ரிலே நிறுத்தியாயிற்று.