பென்னலாங் தொகுதியில ஓட்டு போட்ட அன்னிக்கு

ஓட்டு போட்டுட்டு ஸ்கூல் கேட்டத் தாண்டறப்ப விரலப் பாக்கறேன், மையே இல்ல. பேரு, அட்ரஸ், இந்தத் தேர்தல்ல ஏற்கனவே ஓட்டு போட்டீங்களான்னு ஒரு கேள்வி, அவ்ளோதான், பென்சிலால எல்லா வேட்பாளருக்கும் 1, 2, 3ன்னு நம்பர் போட்டு பெட்டில போட்டாச்சு. வீடியோ கால்ல அம்மாகிட்ட காட்ட ஒரு பொட்டு மை கூட இல்லையேன்னு மனசு என்னமோ போல ஆயிடுச்சு.

நாங்க இருக்கறது சிட்னி ஈஸ்ட்வுட். ஸ்டேஷனுக்கு ஒரு பக்கம் சீனக் கடைங்க, இன்னொரு பக்கம் கொரியன் கடைங்க. தொகுதி பேரு பென்னலாங். 1949ல உருவானதுலேர்ந்து 2007 வரைக்கும் லிபரல் கட்சியோட கோட்டை, ஜான் ஹோவர்டு மட்டும் 33 வருஷம் எம்.பி. அவரு பிரதமரா இருக்கறப்பவே 2007ல மேக்சின் மெக்யூங்கற முன்னாள் டிவி பத்திரிகையாளர் இங்க அவரத் தோக்கடிச்சாங்க, 1929க்கு அப்புறம் எந்தப் பிரதமரும் சொந்தத் தொகுதியில தோத்ததில்ல. இதக் கேட்டதும் எனக்கு 1996 பர்கூர்தான், முதலமைச்சரே தோத்துட்டாங்கன்னு எங்க தெருமுனை டீக்கடையில ரேடியோவச் சுத்தி நின்ன கூட்டம், அப்பா தோள்மேல நான். பென்னலாங்க 2010ல லிபரல் திரும்பப் பிடிச்சு, 2022லேர்ந்து லேபர் கட்சிகிட்ட இருக்கு.

ஆனா என்னை உலுக்கினது அந்தப் பேருதான். பென்னலாங் இந்த மண்ணோட ஆதிகுடி, வாங்கல் இனத்துக்காரர். 1789ல இங்க குடியேறின பிரிட்டிஷ்காரங்களோட கவர்னர் பிலிப் ஆளுங்க அவரப் பிடிச்சுட்டுப் போனாங்க, தப்பிச்சாரு, அப்புறம் பழக்கமாகி 1792ல பிலிப்போட கப்பல்லயே இங்கிலாந்து போனாரு. கூடப் போன இன்னொரு ஆதிகுடி இளைஞன் அந்த ஊர்லயே செத்துப் போயிட்டான். இவரு 1795ல திரும்பி வந்தாரு, அடுத்த வருஷம் இங்கிலாந்துல தன்னப் பாத்துகிட்டவங்களுக்கு ஒரு லெட்டர், சாக்ஸ், கைக்குட்டை, ஷூ அனுப்புங்கன்னு. நாம ஊருக்கு போன் பண்ணி மாவடு அனுப்பச் சொல்றோமே, அதே ஏக்கந்தான், திசை மட்டும் வேற. எந்தக் கரைல நின்னாலும் இன்னொரு கரைல இருந்து ஏதோ ஒண்ணு வேண்டியிருக்கு.

1813ல செத்தாரு, இதே தொகுதிக்குள்ள புட்னியில ஆத்தங்கரைப் பக்கம் புதைச்சிருக்காங்க. குடியுரிமை வாங்கிட்டோம், செட்டில் ஆயிட்டோம்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், சொல்றப்பவே டீக்கடை ரேடியோ காதுல கேக்குது. அம்மா வந்தா ஒபரா ஹவுஸ் அப்புறம், முதல்ல புட்னிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்.