கற்பித்தல் பயிற்சியில் அமைப்புச் சிந்தனை: மேட்டூர் அணை கைகொடுத்த கதை

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. எனக்குக் கிடைத்தது பேராவூரணிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு, கணக்கு. செயல் ஆய்வுக்கு (நம் வகுப்பிலேயே ஒன்றைச் செய்துபார்த்து எழுதும் ஆய்வு) ஏதாவது தலைப்பு கொடுத்தாக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறதே என்று 'அமைப்புச் சிந்தனை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எதையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஒன்று மற்றதை எப்படி மாற்றுகிறது என்று சேர்த்துப் பார்ப்பதுதான் அது. அடுத்த வருடம் இதைத் தொட நினைப்பவர்களுக்காக, நான் சறுக்கிய இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வகுப்பு படுதோல்வி. அமைப்பு என்றால் என்ன என்று இலக்கணம் மாதிரி கரும்பலகையில் எழுதினேன். 42 பேரும் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். மறுநாள் ஹைடெக் லேபுக்குக் கூட்டிப்போனேன். வட்டங்களும் அம்புகளும் வரைந்தால் அவை அசைந்து காட்டும் 'லூப்பி' என்ற இலவசத் தளம் இருக்கிறது. அதைக் காட்டலாம் என்று திட்டம். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது, பீரியட் முடிந்துவிட்டது. சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் வகுப்பின் கணக்கு டீச்சர், "பேப்பர்ல தினம் மேட்டூர் அணை போடுறாங்களே தம்பி, அதை எடுங்க" என்றார். இதைத்தான் நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி., நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. நாலே வரிதான். அமைப்புச் சிந்தனையில் முதலில் பிடிபட வேண்டிய விஷயம் முழுக்க அதில் இருக்கிறது. ஒன்று, சேர்ந்து கிடப்பது; மற்றது, வந்துபோவது. நான் வகுப்பில் 'இருப்பு, வரவு, செலவு' என்றே சொன்னேன். ரேஷன் கடைப் பலகையில் பார்த்த சொற்கள் என்பதால் யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

சரி, இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். எண்கள் நானே போட்டவை. நான்கு நாள் நீர்வரத்து முறையே வினாடிக்கு 30,000, 25,000, 20,000, 15,000 கன அடி. நான்கு நாளும் திறப்பு 12,000. அணை நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா? என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இறங்கும் என்றார்கள். "வரத்து பாதியா குறைஞ்சிடுச்சே சார்!" வரத்து குறைந்தாலும் செலவைவிட அதிகமாகத்தான் வருகிறது; ஆகவே நான்கு நாளும் அணை ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி, ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி. வகுத்துப் பார்த்தால், வினாடிக்கு சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கச் சேர்ந்தால் ஒரு டி.எம்.சி. நான்கு நாளின் மிச்சத்தையும் கூட்டினால் 42,000. அதாவது அணையில் சுமார் 3.6 டி.எம்.சி. கூடியிருக்கும். முழுக் கொள்ளளவு 120 அடிக்கு 93.47 டி.எம்.சி. என்பதோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்கு அளவு புரிகிறது.

தப்பாகச் சொன்னவர்களை மட்டம் தட்டாதீர்கள். இதே மாதிரியான குளியல் தொட்டிக் கேள்வியை ஜான் ஸ்டெர்மனும் லிண்டா பூத் ஸ்வீனியும் எம்.ஐ.டி. மேலாண்மை மாணவர்களிடம் கொடுத்தார்கள் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவில் இருப்பது). 2000-இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களிலும் நிறையப் பேர் தடுமாறியிருக்கிறார்கள். இருப்பு, வரவு, செலவு என்று பார்க்கும் இந்த 'அமைப்பு இயக்கவியல்' துறையைத் தொடங்கிய ஜே ஃபாரஸ்டர் வேலை பார்த்ததும் அதே இடத்தில்தான். இதைச் சொன்னதும் பின்பெஞ்ச் நிமிர்ந்து உட்கார்ந்தது.

வரைபடத்தாளில் ஒரு வேலை கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். மேலே வரவுக்கும் செலவுக்கும் இரண்டு கோடு. அதற்கு நேர்கீழே, அதே நாட்களுக்கு, இருப்பின் கோடு. வரவு செலவுக்குக் கீழே இறங்கும்வரை நாட்களை நீட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனித் தாளில் போட்டால் பாடம் போச்சு. மேலே கோடுகள் வெட்டிக்கொள்ளும் நாளில்தான் கீழே இருப்பு உச்சிக்குப் போய்த் திரும்புகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். நம்பாதவர்களுக்கு அடியில் ஓட்டை போட்ட பக்கெட், தண்ணீர் மொள்ள ஒரு மக். தண்ணீர் ஊற்றி நிரூபித்த பிறகு வகுப்பறையைத் துடைத்தது நான்தான். ஆகவே மைதானத்தில் செய்யுங்கள்.

அடுத்தது தொற்று விளையாட்டு. ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, ஒருவரிடம் மட்டும் 0, மற்ற எல்லோரிடமும் 1. யாரும் காட்டக்கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஜோடி சேர்ந்து இருவர் எண்ணையும் பெருக்கி, விடையைத் தங்கள் புது எண்ணாக எழுதிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு வந்த பூஜ்ஜியங்கள்: 1, 2, 4, 8, 14, 24, 34, 40, 42. முதலில் இரட்டிப்பாகிறது, அப்புறம் ஏன் சுணங்குகிறது? பூஜ்ஜியக்காரர்கள் பூஜ்ஜியக்காரர்களையே சந்திக்க ஆரம்பிக்கிறார்கள். கொரோனா காலத்து வரைபடத்தை ஒரு பையன் தானாகவே ஞாபகப்படுத்தினான்.

காரணச் சுழல், அதாவது ஒன்று மற்றதைப் பாதித்து அது திரும்ப முதலாவதையே பாதிக்கும் வட்டம், வரைவதில்தான் நான் அதிகம் திண்டாடினேன். வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கொரு காரணி கொடுத்து, எது எதைப் பாதிக்கிறதோ அவர்களுக்கிடையே நூல் விடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் இடியாப்பம். எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்பு என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. இரண்டாம் முறை இரண்டு கட்டுப்பாடு வைத்தேன். காரணிகள் ஆறுக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றும் கூடவோ குறையவோ முடிகிற அளவாக இருக்க வேண்டும். 'மோட்டார்' என்று எழுதினால் அடித்துவிட்டு 'மோட்டார் ஓடும் நேரம்' என்று எழுதவைத்தேன். உடனே சுழல் கண்ணில் பட்டது. நிலத்தடி நீர் இறங்க, மோட்டார் ஓடும் நேரம் கூட, நீர் மேலும் இறங்குகிறது.

தாமதம் என்ற கருத்தை நான் நடத்தவே இல்லை. ஒரு மாணவி சொன்னாள்: "எங்க ஊர் கடைமடை சார். டிவில மேட்டூர் திறக்குறதைக் காட்டுவாங்க. நாங்க அதுக்கப்புறம் எத்தனையோ நாள் வாய்க்காலைப் பார்த்துக்கிட்டே இருப்போம்." மேட்டூரிலிருந்து கல்லணை, அங்கிருந்து கல்லணைக் கால்வாய், அப்புறம்தான் இவர்கள் வயல். அவள் அப்பா அந்தக் காத்திருப்பைக் கணக்குப் போட்டுத்தான் நாற்றங்கால் விடுவாராம். என் பாடக்குறிப்பில் இருந்த உதாரணத்தை அடித்துவிட்டு இதை எழுதினேன்.

செயல் ஆய்வுப் பதிவேட்டுக்கு முன்தேர்வு, பின்தேர்வு இரண்டிலும் மேலே சொன்ன அணைக் கேள்வியையே எண்களை மாற்றி வையுங்கள். விடையோடு காரணத்தையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் ஏறியதா என்பதைவிட அந்த ஒரு வரிதான் ஆய்வுக்குத் தீனி. வைவாவில் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "இது கணக்கா, சமூக அறிவியலா?" வரைபடத்தாள்களை எடுத்து நீட்டினேன்.

பேப்பர் கட்டிங்கை ஜூன் முதல் சேர்க்க ஆரம்பியுங்கள். வழக்கமாக 12-ஆம் தேதி வாக்கில் அணை திறக்கும்போதுதான் எண்கள் சுவாரசியமாக மாறும். நூல்கண்டு இரண்டு வாங்குங்கள், ஒன்று பத்தாது.