கோயிம்பிராவில் தவறான கதவுக்கு முன்னால்

போர்த்துகலில் இருக்கும் கோயிம்பிரா பல்கலைக்கழகத்துக்கு டிக்கெட் எடுத்தால் அதில் ஒரு நேரம் போட்டிருக்கும். அது ஜோவானினா நூலகத்துக்குள் நுழைய வேண்டிய நேரம். அரண்மனை, சிற்றாலயம் எல்லாவற்றையும் அதற்கு முன்போ பின்போ சாவகாசமாகப் பார்க்கலாம். நூலகத்துக்கு மட்டும் ஆட்களைச் சிறு குழுவாகப் பிரித்து உள்ளே விடுகிறார்கள். நம் குழு போய்விட்டால் போனதுதான். இதெல்லாம் டிக்கெட்டிலேயே இருந்தது. நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

2025 அக்டோபரில் அலுவலக வேலையாக லிஸ்பனில் ஒரு வாரம் இருந்தேன். கடைசியில் ஞாயிறும் திங்களும் ஓய்வு. பக்கத்துச் சுற்றுலா ஊரான சிந்த்ராவில் கூட்டம் தாங்காது என்று பயந்து கோயிம்பிராவைத் தேர்ந்தெடுத்தேன். விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முன்கூட்டியே எடுத்தால் டிக்கெட் விலையும் நன்றாகவே குறைகிறது. ரயில் பயணத்தில் சொல்ல ஒன்றும் இல்லை.

இறங்கிய பிறகுதான் ஆரம்பித்தது. நெடுந்தூர ரயில்கள் நிற்பது கோயிம்பிரா-பி நிலையத்தில். ஊருக்குள் போக அங்கிருந்து ஒரு குட்டி ரயில், நான்கைந்து நிமிடத்தில் ஆற்றங்கரையில் இருக்கும் கோயிம்பிரா-ஏ நிலையத்தில் விட்டுவிடும் என்று எங்கோ படித்துக் குறித்து வைத்திருந்தேன். நடைமேடை நடைமேடையாக அந்த ரயிலைத் தேடினேன். பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் கையை விரித்துக் காட்டினார். கோயிம்பிரா-ஏ நிலையத்தையே 2025 ஜனவரியில் மூடிவிட்டார்கள்! பழைய பயணக் குறிப்பை நம்பிப் போகிறவர்கள் கவனிக்கவும். வெளியே வந்தால் பேருந்து உண்டு. நான் ரோஷத்தில் நடந்தேன். தூரம் இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் அந்த ஊர் நடைபாதையில் பதித்திருக்கும் சின்னச் சின்னக் கற்களில் சக்கரப் பெட்டியை இழுத்துப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது தங்குமிடம். பெயர் வேண்டாம். கதவைத் திறக்க அழுத்த வேண்டிய எண்ணைக் காலையில் செய்தியாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள், வரவில்லை. நாலு தடவை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் வாசலில் நின்ற பிறகு, மேல் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா கதவைத் திறந்துவிட்டு, பெட்டியைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குப் போர்த்துகீஸ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. 'ஒப்ரிகாதோ' என்ற ஒரே நன்றிச் சொல்லை ஆறு முறையாவது சொல்லியிருப்பேன்.

நூலக நேரம் மூன்று மணி. இரண்டரைக்கு மலையேற ஆரம்பித்தேன். பழைய நகர வாசலான அல்மெதினா வளைவிலிருந்து மேலே போகும் படிக்கட்டுக்குப் பெயர் கெப்ரா கோஷ்டாஷ், அதாவது முதுகொடிச்சான் படி. பெயர் வைத்தவர் அனுபவித்தவர். வழியில் கோட்டை மாதிரி நிற்கும் 12ஆம் நூற்றாண்டுப் பேராலயத்தை நின்று பார்க்கக்கூட மூச்சு இல்லை.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முற்றத்துக்கு வந்துவிட்டேன். நூலகத்தின் பெரிய அலங்காரக் கதவு கண்ணெதிரே. அதன் முன்னால் போய் நின்றேன். இன்னும் நாலைந்து பேர் வந்து என் பின்னால் நின்றார்கள், நம்மைப் பார்த்து வரிசை என்று நினைத்த அப்பாவிகள். மூன்று ஆயிற்று. மூன்றேகால் ஆயிற்று. கதவு திறக்கவே இல்லை. நுழைவு அங்கே இல்லை. கீழ்த்தளத்தில், 1834 வரை மாணவர்களை அடைத்து வைத்த பழைய பல்கலைக்கழகச் சிறை வழியாக நுழைந்து மேலே ஏறி வர வேண்டும். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எங்கள் குழு போயிருந்தது. அன்றைக்கு மீதி நேரமெல்லாம் நிரம்பிவிட்டதாம். மறுநாள் காலை இடம் இருந்தது, ஆனால் புது டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது.

அன்று மாலை கீழே சாந்தா குரூஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தேன். போர்த்துகலின் முதல் அரசர் அஃபோன்சோ ஹென்றிக்கஸின் கல்லறை இருக்கும் இடம் அது. மேசையில் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி எல்லாம் கேட்காமலே வந்தன. உபசாரம் என்று முழுவதையும் தின்றேன். பில்லில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. போர்த்துகலில் இது எங்கும் வழக்கம். வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிடலாம், அதற்குக் காசு கேட்க மாட்டார்கள். சைவக்காரர்களுக்கு இன்னொன்று: கீரை சூப்பான கால்தோ வெர்தேயில் ஒரு துண்டு பன்றி சாசேஜ் மிதக்கும். முன்பே சொல்லுங்கள்.

இரவு ஃபாதோ என்கிற போர்த்துகீசியப் பாட்டு கேட்கப் போனேன். லிஸ்பனில் பெண்களும் பாடுவார்கள். இங்கே மரபுப்படி ஆண்கள்தான், மாணவர்களின் கறுப்பு அங்கியோடு. பாட்டு முடிந்ததும் நான் படபடவென்று கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். என்னை அதட்டுகிறார்கள் என்று நினைத்தேன். இந்த ஊரில் பாராட்டு அப்படித்தானாம். அடுத்த பாட்டுக்கு நானும் கனைத்தேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம்.

திங்கள் காலை அரை மணி முன்னதாகவே சிறை வாசலில் நின்றேன். இந்த முறை முதல் ஆள். மேல்தளம் ஏறியதும் பணம் போன வருத்தமெல்லாம் போய்விட்டது. ஐந்தாம் ஜோவான் அரசர் காலத்தில் 1717இல் தொடங்கி 1728இல் முடித்தது. மூன்று கூடங்கள், கூரை வரை புத்தகம், அரக்குப் பூச்சின்மேல் பொன்னால் சீனச் சித்திரங்கள். சுவர் இரண்டு மீட்டருக்கும் மேல் கனம். புத்தகப் பூச்சிகளைத் தின்ன உள்ளேயே வௌவால்கள் குடியிருக்கின்றன. எச்சம் படாமலிருக்க இரவில் மேசைகளுக்குத் தோல் விரிப்பு போடுகிறார்கள். பகலில் ஒரு வௌவாலும் கண்ணில் படவில்லை. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்ட ஹென்றிக் ஹென்றிக்கஸ், நம்மூர் அண்டிரிக் அடிகளார், இந்த ஊரில் படித்தவர். அவர் காலத்தில் இந்த நூலகம் இல்லை என்றாலும் நினைப்பு வந்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டினார்கள்.

வெளியே வந்து மஷாதோ தெ காஷ்த்ரோ அருங்காட்சியகத்துக்குப் போனேன். அதன் அடியில் ரோமானியர் கட்டிய நிலவறை வழிகள் இருக்கின்றன, ஊருக்கு வந்ததே பாதி அதற்காகத்தான். மூடியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு–திங்கள் என்று திட்டம் போடுகிறவர்கள் அருங்காட்சியகத்தை ஞாயிறன்றே முடித்துவிடுங்கள்.

தங்குமிடத்திலிருந்து கதவு எண் வந்தது திங்கள் மதியம், நான் பெட்டியோடு ரயில் நிலையப் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது.