குர்பாவைத் தேடி: மூன்றாம் மாதக் குறிப்பு

அரபியில் 'குர்பா' என்று ஒரு சொல் உண்டு. பிறந்த மண்ணை விட்டு வந்தவனின் அந்நியமும் ஊர் ஏக்கமும் அதற்குள் அடக்கம். மேற்கைக் குறிக்கும் 'கர்ப்', சூரியன் அடைவதைக் குறிக்கும் 'குரூப்' இரண்டுக்கும் வேர் இதேதான். அந்தச் சொல்லின் மேல் வந்த ஆசையில்தான் புலம்பெயர்ந்த அரபிகளின் கதைகளை ஆங்கிலம் வழியாகப் படிக்கத் தொடங்கினேன்.

முதல் மாதம் வீணானது. தனிமை, நாடு, நினைவு என்று வருகிற வரிகளையெல்லாம் பென்சிலால் கோடிட்டேன். நோட்டு நிறைந்ததே தவிர மனதில் எதுவும் தங்கவில்லை. அப்புறம் வழியை மாற்றினேன். கதையில் வருகிறவர் தங்கியிருக்கும் அறையை மட்டும் கவனிப்பது, அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எழுதி வைப்பது.

லைலா அபுலேலாவின் 'தி டிரான்ஸ்லேட்டர்' (1999) நாவலில் சமர் கணவனைப் பறிகொடுத்தவள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறாள். மகன் சூடான் தலைநகர் கார்ட்டூமில் பாட்டியிடம் வளர்கிறான். அவளுடைய அறையோ ஆஸ்பத்திரி அறை மாதிரி வெறிச்சென்று கிடக்கிறது. ஓர் ஊரில் வேரூன்ற மனம் ஒப்பாதவள் சுவருக்கு என்ன அலங்காரம் செய்வாள்?

அடுத்து தய்யிப் சாலிஹ் 1966இல் எழுதிய 'வடக்கே வலசை போகும் பருவம்'. நைல் நதி வளைகிற இடத்தில் ஒரு சூடான் கிராமம். லண்டனில் வாழ்ந்துவிட்டு வந்த முஸ்தபா சயீத் அங்கே விவசாயம் செய்கிறான். அவன் வீட்டில் ஓர் அறை எப்போதும் பூட்டியே இருக்கும். கடைசியில் அதைத் திறந்தால், அந்த வெயில் தேசத்தில் குளிர்காயும் கணப்பு! சுவர் முழுக்கப் புத்தகங்கள், ஒன்றுகூட அரபியில் இல்லை. குர்ஆன்கூட ஆங்கிலத்தில். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். நாடு திரும்பியவனுக்கும் குர்பா தீராது என்பதை இவ்வளவு வலிக்கும்படி நான் வேறெங்கும் படித்ததில்லை. அதே நாவலின் தொடக்கத்தில், ஏழு வருடம் கழித்து ஊர் வந்த கதைசொல்லி ஈச்ச மரங்களில் காற்று வீசும் சத்தத்தைக் கேட்டே ஆறுதல் அடைகிறான். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் கஸ்ஸான் கனஃபானியின் 'சூரியனில் மனிதர்கள்' (1963). பாலஸ்தீனத்தை இழந்த அபு கைஸ் ஈரத்தரையில் மார்பு பதியப் படுத்திருக்கிறார். மண் வாசனை வரும்போதெல்லாம், பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்த மனைவியின் கூந்தல் வாசனை என்றே அவருக்குத் தோன்றுகிறது. நோட்டில் 'அறை' என்ற இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் 'மண்' என்று எழுதினேன். நாளை தண்ணீர் லாரி குவைத்துக்குக் கிளம்பும் பகுதி.